கம்ப்யூட்டர் சொன்னதற்கு யார் பொறுப்பு?

சென்ற ஐப்பசியில் எலவனாசூர்கோட்டையில் உள்ள நமது கடையில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிட்டு, பிறகு விஷயத்துக்கு வருகிறோம்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருப்பவர் ஒருவர். அவருடைய தகப்பனார் காலம் முதல் நம்மிடம்தான் பற்று வரவு. புளியும் கடுக்காயும் இறங்கும் காலத்தில்தான் மலையில் பணம் புழங்கும். ஆகவே ஆடியில் எடுத்த சரக்குக்கும் மாசியில்தான் காசு வரும். இதுவரை ஒரு பைசா நின்றதில்லை. நமது பழைய பேரேட்டில் அவர் பக்கத்தின் ஓரத்தில் நம் தகப்பனார் பென்சிலால் 'மாசி' என்று ஒரு சொல் எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவுதான் அவருடைய கடன் வரம்பு.

இரண்டு வருஷத்துக்கு முன் பில் போடக் கம்ப்யூட்டர் வைத்தோம். பாக்கி எத்தனை நாள் தாண்டினால் நிறுத்த வேண்டும் என்று மகன் கேட்டபோது, வேறு வேலையாக இருந்த நாம் '45 வைப்பா' என்று சொல்லிவிட்டோம். தீபாவளிச் சரக்கு எடுக்க வந்த மலைக்காரரின் பெயரைத் தட்டியதும் சிவப்பு விழுந்திருக்கிறது. 'கம்ப்யூட்டர் விடமாட்டேங்குதுங்க, பழைய பாக்கியைக் கட்டுங்க' என்று பில் போடும் பையன் சொல்லியிருக்கிறான். அவர் வாதாடவில்லை. காலிச் சாக்குகளோடு கள்ளக்குறிச்சி பஸ் ஏறிப் போய்விட்டார். நமக்குத் தெரிந்தது மூன்று நாள் கழித்து. போன் செய்தபோது, 'முதலாளியே வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன்' என்றார். நாம் சொல்லவில்லை. பையனும் சொல்லவில்லை. அப்படியானால் சொன்னது யார்?

இது செயற்கை நுண்ணறிவு கூட இல்லை. 45 என்ற ஒரு எண்தான். ஆனால் இன்று கடன் தரும் கம்பெனிகள், வரி இலாகா, ரேஷன் வழங்கும் அரசுகள் எல்லாம் இதைவிடப் பெரிய இயந்திரங்களைக் கொண்டு, யாருக்குக் கொடுக்கலாம், யாரைச் சந்தேகிக்கலாம் என்று பிரித்துக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இந்தக் கேள்வி நம் கல்லாப் பெட்டிவரை வந்திருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கடைக்காரர் பாஷையில் சொன்னால் இப்படி. வெளியூரிலிருந்து புதிதாக ஒரு கணக்குப்பிள்ளை வருகிறார். ஊரில் எவரையும் அவருக்குத் தெரியாது. இருபது வருஷப் பேரேடுகளை அவர் முன் அடுக்கி, 'படித்துப் பார்த்து, இனி யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று நீரே சொல்லும்' என்கிறோம். அவர் அசாத்தியக் கெட்டிக்காரர். ஒரே இரவில் எல்லாவற்றையும் படித்துவிடுகிறார். ஆனால் பேரேட்டில் இல்லாததை அவர் அறியமாட்டார். பேரேடு எழுதியவரின் ஓரவஞ்சனை அதில் இருந்தால், அதையும் நியாயம் என்றே கற்றுக்கொள்வார். பென்சிலால் எழுதிய 'மாசி' கம்ப்யூட்டருக்குள் ஏறவே இல்லை. எண்களை மட்டும் ஏற்றினோம்.

நம் தமிழ்நாடு அரசு இதை முன்பே யோசித்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2020ஆம் ஆண்டிலேயே 'பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை' ஒன்றைத் தகவல் தொழில்நுட்பத் துறை வெளியிட்டது. இந்திய மாநிலங்களில் இப்படி ஒன்றை முதலில் கொண்டுவந்தவற்றில் நம் மாநிலமும் உண்டு. அரசாங்கம் இப்படிப்பட்ட இயந்திரத்தை மக்கள் மீது ஏவுவதற்கு முன், அதற்கு 'டீப்-மேக்ஸ்' என்ற அட்டையில் மதிப்பெண் போடவேண்டும் என்கிறது அக்கொள்கை. எல்லாவிதமான ஜனங்களின் விவரமும் உள்ளே இருக்கிறதா, பாரபட்சம் உண்டா, அந்தரங்கம் காக்கப்படுகிறதா, தவறாகப் பயன்படுத்த இடமுண்டா, தணிக்கை செய்ய முடியுமா என்று ஏழு தலைப்புகள். ஏழாவதுதான் நமக்கு முக்கியம். கம்ப்யூட்டரில் ஏறாத மக்களையும் விவரம் குறைவாக உள்ள பகுதிகளையும் இது எப்படி நடத்துகிறது என்ற கேள்வி அது. நம் மலைக்காரரை மனதில் வைத்து எழுதியதுபோல் இருக்கிறது! ஆனால் கொள்கை வேறு, சட்டம் வேறு. இது அரசுத் துறைகளுக்கான வழிகாட்டுதலே; தனியார் கம்பெனியை இதைக் காட்டிக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது.

மத்திய அரசும் 2025 நவம்பரில் செயற்கை நுண்ணறிவு ஆளுகைக்கான வழிகாட்டு நெறிகளை ஏழு சூத்திரங்களாக வெளியிட்டது. நம்பிக்கையே அடிப்படை, மனிதர் முதலில், பொறுப்பு ஒருவரிடம் இருக்கவேண்டும், முடிவு புரியும்படி இருக்கவேண்டும் என்பன அவற்றுள் சில. தனிச் சட்டத்துக்கு இப்போதைக்கு அவசரமில்லை, இருக்கிற சட்டங்களைக் கொண்டே பெரும்பாலானவற்றைக் கவனிக்கலாம் என்பது அதன் போக்கு. ஐரோப்பாவில் வேறு வழி. 2024 ஆகஸ்டு 1 முதல் சட்டமே அமலுக்கு வந்துவிட்டது. ஒரு மனிதர் கடனுக்குத் தகுதியானவரா என்று இயந்திரம் தீர்மானிப்பதை, அச்சட்டம் அதிக ஆபத்துள்ள வேலைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது.

இதெல்லாம் வீண் பயம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம்.

இங்கிலாந்தில் கிராமத்துத் தபாலாபீசுகள் பலவும் மளிகைக் கடைக்குள்ளேயே இருக்கும். கடைக்காரர்தான் தபால் ஏஜெண்டு. நம் இந்திய வம்சாவளியினர் பலர் இதை நடத்தினார்கள். 1999 முதல் அங்கே 'ஹொரைசன்' என்ற கணினிக் கணக்கு முறை வந்தது. இதுவும் செயற்கை நுண்ணறிவு அல்ல. ஜப்பானியக் கம்பெனியான புஜித்சு நடத்திய சாதாரணக் கணக்கு முறைதான். மாலையில் கல்லாவை எண்ணினால் கணக்கு உதைக்கும். கம்ப்யூட்டர் ஆயிரக்கணக்கான பவுண்டு குறைகிறது என்று காட்டும். கடைக்காரர்கள் தலையால் அடித்துக்கொண்டும் கேட்பாரில்லை. கணினி சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்று நீதிமன்றமே எடுத்துக்கொள்வது அந்நாட்டு வழக்கம். 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்குக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். சீமா மிஸ்ரா என்ற பெண்மணி 2010இல் கர்ப்பிணியாக இருந்தபோதே சிறைக்கு அனுப்பப்பட்டார். 2019 டிசம்பரில்தான், பிழை கம்ப்யூட்டரில் இருந்தது என்று லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அம்மையாரின் தண்டனை 2021இல் ரத்தானது. 2024இல் பாராளுமன்றம் தனிச்சட்டமே போட்டு மற்றவர்களை விடுவித்தது. அதற்குள் எத்தனை கடைகள் மூழ்கின, எத்தனை குடும்பங்கள் ஊரில் தலைகாட்ட முடியாமல் போயின! நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கு நடந்தது என்பதால் சற்று நீட்டிச் சொன்னோம்.

மற்றொன்று தெலுங்கானாவில். பல அரசுத் துறைகளின் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்து, வசதியுள்ளவர் யார் என்று கணிக்கும் கணினித் திட்டத்தின் துணையுடன் ரேஷன் கார்டுகள் நீக்கப்பட்டன. 2014க்குப் பின் சில ஆண்டுகளில் ரத்தானவை 18 லட்சத்துக்கும் மேல். ரிக்‌ஷா இழுத்தவர் ஒருவரை, ஏறக்குறைய அதே பெயருள்ள கார் சொந்தக்காரர் என்று பதிவேடு காட்டியது. குடும்பத்துக்கு அரிசி நின்றது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, நீக்கிய கார்டுகளை நேரில் போய்ச் சரிபார்க்கச் சொன்னது.

சரி, நம் கடைக்கு வருவோம். நமக்கு அன்றாடம் இது தட்டுப்படும் இடம் ஜி.எஸ்.டி. மாதக் கணக்கில் விற்பனை ஒரு படிவத்தில் ஒரு தொகையாகவும் மற்றொன்றில் குறைவாகவும் இருந்து, வித்தியாசம் வரம்பைத் தாண்டினால் டி.ஆர்.சி. 01பி என்ற அறிவிப்பு வரும். வரவு எடுத்த உள்ளீட்டு வரி அதிகமாக இருந்தால் 01சி. இவற்றை எந்த அதிகாரியும் உட்கார்ந்து எழுதுவதில்லை. கணினியே ஒப்பிட்டு அனுப்புகிறது. பதில் சொல்ல 7 நாள்தான். சும்மா இருந்தால் அடுத்த ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் செய்ய முடியாது. நமக்குச் சரக்கு விற்றவர் பில்லை ஏற்ற மறந்தாலும் 01சி நம் தலையில்தான் விழும். அதைக் கண்டதும் பயந்து பணம் கட்டுபவர்கள் உண்டு. காரணம் எழுத அதிலேயே இடம் இருக்கிறது; எழுதுங்கள். மேல்நடவடிக்கைக்குப் போனாலும், பாதகமான உத்தரவு போடுமுன் நேரில் கேட்கவேண்டும் என்று சட்டத்தின் 75(4) பிரிவு சொல்கிறது. அந்த இடத்தில் கம்ப்யூட்டர் உட்கார முடியாது. ஓர் அதிகாரிதான் உட்காரவேண்டும். போர்ட்டலை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல் வாரம் ஒருமுறை நாமே திறந்து பார்ப்பது நல்லது.

அடுத்தது செல்போனில் ஐந்து நிமிஷத்தில் கடன் தரும் செயலிகள். நமக்குத் தெரிந்த ஒரு சிறு கடைக்காரருக்கு ஒரு கம்பெனி கடன் மறுத்தது. காரணம் கேட்டால் 'சிஸ்டம் ரிஜெக்ட்' என்ற ஒரே பதில். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே இத்தகைய கடன்களுக்கு விதிமுறை வகுத்துவிட்டது. கடன் விவரத்தை ஒரே தாளில் தெளிவாகத் தரவேண்டும். குறைதீர்க்கும் அலுவலர் பெயரைக் காட்டவேண்டும். உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் துழாவக்கூடாது. புகார் செய்து 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

நாமும் வாடிக்கையாளரின் போன் எண்ணை வாங்கி வைக்கிறோம். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் சேர்த்துத்தான். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

கம்ப்யூட்டர் விற்க வருபவரிடம் நாம் இப்போது விலைக்கு முன் வேறொன்று கேட்கிறோம். அது ஒருவரைத் தடுத்தால், ஏன் தடுத்தது என்று காட்டுமா? அந்தத் தடையைக் கடையில் உள்ள ஒருவர் நீக்க முடியுமா? நீக்கியவர் பெயர் பதிவாகுமா? மூன்றுக்கும் பதில் சொன்னவர் இதுவரை ஒருவர்தான்.

மலைக்காரருக்கு நம் மகனே வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தான். பில்லில் இருந்த பூட்டை எடுத்துவிட்டோம். சிவப்பு இப்போதும் விழுகிறது. ஆனால் விழுந்தால் பையன் ஆளை உட்காரவைத்துவிட்டு நமக்குப் போன் செய்யவேண்டும். சென்ற மாதம் பதினொரு போன் வந்தது. ஒன்பது பேருக்குக் கொடுக்கச் சொன்னோம். இரண்டு பேர் விஷயத்தில் கம்ப்யூட்டர் சொன்னதே சரி. அதில் ஒருவர் நமக்குச் சொந்தக்காரர்; அவரிடம் 'கொடுப்பதற்கில்லை' என்று நாமேதான் போனில் சொன்னோம்.