கள ஆய்வில் தொடக்கநிலை ஒளிப்படக்கருவி: பொத்தான்களும் பட்டியும் – வத்திராயிருப்பை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தொடக்கநிலையாளருக்கென வடிவமைக்கப்பட்ட சிறிய எண்ணிம ஒளிப்படக்கருவிகள் நாட்டார் வழக்காற்றியல், கல்வெட்டியல் சார்ந்த கள ஆய்வுகளுக்கும் எடுத்துச் செல்லப்படுகின்றன. அவற்றின் எளிமை, குடும்ப நிகழ்வுகளைப் படமெடுப்போரை மனத்திற்கொண்டு அமைந்தது. ஆவணப்படுத்த வரும் ஆய்வாளருக்கு அந்த எளிமையே இடையூறாகும் இடங்கள் உள. அவ்விடங்களை வத்திராயிருப்புப் பகுதியின் களங்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஒளிப்படக்கருவி, பயன்பாட்டு எளிமை, பட்டி, கள ஆய்வு, நல்லதங்காள் கோயில், கல்வெட்டு.

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூர் வத்திராயிருப்பு. இதனையடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காள் கோயில் உள்ளது. ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் இட்டுத் தானும் வீழ்ந்த நல்லதங்காளின் கதை, கதைப்பாடலாகவும் நாடகமாகவும் தமிழகமெங்கும் பரவியது. சதுரகிரிக்கு ஏறும் தாணிப்பாறை வழியும் இப்பகுதியிலேயே தொடங்குகிறது. தெற்கே சற்றுத் தொலைவில், 11 நிலைக் கோபுரம் கொண்ட ஸ்ரீவில்லிபுத்தூர். நாட்டார் வழக்காறும் பெருங்கோயில் மரபும் இவ்வளவு அருகருகே கிடைப்பதால், கள ஆய்வுப் பயிற்சிக்கு இது ஏற்ற நிலப்பகுதி எனலாம்.

கைப்பேசி இருக்கத் தனிக் கருவி எதற்கு என்னும் வினா எழும். கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடைசெய்யுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் ஆணையிட்டது. முறையான இசைவு பெற்று ஆவணப்படுத்தச் செல்லும் ஆய்வாளர், படமெடுப்பதற்கு மட்டுமே பயன்படும் ஒரு கருவியைக் கையில் வைத்திருப்பது இசைவு தருவோரின் ஐயத்தைக் குறைக்கும். துறை அலமாரியில் கிடக்கும் பழைய சிறு கருவிக்கு இவ்வாறு மீண்டும் ஒரு பணி கிடைக்கிறது.

எளிமை யாருக்கு?

1998இல் வெளியான ஐஎஸ்ஓ 9241-11 தரநிலை, பயன்பாட்டு எளிமையைத் தனித்த ஒரு பண்பாகக் கொள்ளவில்லை. குறிப்பிட்ட பயனர், குறிப்பிட்ட நோக்கத்தை, குறிப்பிட்ட சூழலில் எவ்வளவு நிறைவாகவும் குறைந்த முயற்சியிலும் மனநிறைவோடும் அடைகிறார் என்பதே அதன் அளவுகோல். இவ்வளவுகோலின்படி, பிறந்தநாள் விழாவில் எளிதாக இருக்கும் கருவி கருவறை முன்மண்டபத்தில் கடினமானதாகலாம்.

இக்கருவிகளின் காட்சி நிலைக் குறிகளை நோக்குக. முகம், குழந்தை, விருந்து, கடற்கரை, பனி, வாணவேடிக்கை என அவை விரிகின்றன. அவற்றை வடிவமைத்தவரின் மனக்கண்ணில் நின்ற பயனர் விடுமுறையில் இருக்கும் ஒரு குடும்பத்தார். கல்வெட்டு, ஓலைச்சுவடி, எண்ணெய் பூசிய கற்சிலை, சுண்ணாம்பு அடித்த சுவர் ஆகியவற்றுக்கு அங்கே குறி இல்லை. சில கருவிகளில் அருங்காட்சியகக் குறி ஒன்று உண்டு. அது மின்னொளியை அணைத்துவிடுவதால் நமக்கு ஓரளவு நெருங்கிய உறவு அதுவே.

இதனினும் முதன்மையான இடர் வேறொன்று. பல கருவிகளில் முழுத் தானியங்கி நிலையில் பட்டி சுருக்கப்படுகிறது. ஒளியளவு, வெண்சமநிலை போன்றவை மறைந்துவிடுகின்றன அல்லது மங்கித் தெரிகின்றன. ‘பி’ எழுத்தால் குறிக்கப்படும் நிலைக்கு மாறினால் அவை திரும்பி வரும். மறைந்திருப்பது இருப்பதாகவே அறியாத மாணவர், தம் கருவியில் அவ்வசதி இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார். தொடக்கநிலையாளரை அச்சுறுத்தக்கூடாது என்ற நல்லெண்ணம் அவரைத் தொடக்கநிலையிலேயே நிறுத்திவிடுகிறது.

நான்கு திசைப் பொத்தான்

பின்புறத்தில் வட்டமாக அமைந்த நான்கு திசைப் பொத்தானே இக்கருவிகளின் இதயம். பட்டிக்குள் நுழையாமலே செல்லக்கூடிய குறுக்குவழிகள் அதில் உள்ளன. ஆனால் திசைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றன. நிக்கான் கூல்பிக்ஸ் எல் வரிசையில் மேற்பக்கம் மின்னொளி, இடப்பக்கம் நேரங்கடத்தி, கீழ்ப்பக்கம் அண்மைப்படம், வலப்பக்கம் ஒளியளவுத் திருத்தம். கேனன் பவர்ஷாட் ஏ வரிசையின் பல கருவிகளிலோ மின்னொளி வலப்பக்கத்திலும் அண்மைப்படம் இடப்பக்கத்திலும் இருக்கும். ஒன்றில் பழகிய விரல் மற்றொன்றில் தவறுவது பயனரின் கவனக்குறைவால் அன்று. ஆய்வுக்குழுவில் இருவேறு கருவிகள் இருப்பின் ஒருவர் ஒன்றையே கையாளுவது நலம்.

இந்நான்கனுள் கல்வெட்டுக்கு முதலில் வேண்டியது மின்னொளியை அணைப்பது. முன்னிருந்து நேராகப் பாயும் ஒளி எழுத்துப் பள்ளங்களை நிரப்பி நிழலை அழித்துவிடும். நிழல் இன்றேல் எழுத்து இல்லை. காலை, மாலைச் சாய்கதிரிலோ, பக்கவாட்டில் பிடித்த கைவிளக்கின் ஒளியிலோதான் தேய்ந்த எழுத்துகள் எழுந்து நிற்கும். மைப்படி எடுக்க இயலாத இடங்களில் இதுவே நமக்குள்ள வழி. நல்லதங்காள் கோயில் போன்ற வழிபாட்டிடங்களில் மின்னொளி சடங்கின் போக்கையும் குலைக்கும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

மின்னொளியை அணைத்தபின் ஒளிகுறைந்த மண்டபத்தில் படம் கலங்கும். இக்கருவிகளின் ஒளியுணரி பெரும்பாலும் ஏறத்தாழ 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமுமே கொண்டது, ஒளியைப் பெறும் பரப்பு மிகச் சிறிது. ஆகவே முக்காலி தேவை. பொத்தானை அழுத்தும் விரலின் அதிர்வைத் தவிர்க்க நேரங்கடத்தி உதவும். குழுப்படத்தில் தாமும் ஓடிச்சென்று நிற்பதற்கென்று வைக்கப்பட்ட வசதி இங்கே அதிர்வு நீக்கியாகிறது. சில கருவிகளில் ஒரு படம் எடுத்ததும் அது தானாக நீங்கிவிடும். ஒவ்வொரு முறையும் மீண்டும் அமைக்க வேண்டும்.

ஒளியளவுத் திருத்தமே பலரும் தொடாத பொத்தான். கருவி எதைக் கண்டாலும் அதனை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதி ஒளியைக் கணக்கிடுகிறது. அதனால் சுண்ணாம்புச் சுவர் அழுக்கேறியதாகவும், எண்ணெய் ஊறிய கருங்கல் வெளிறியதாகவும் பதிவாகும். பொதுவாக −2 முதல் +2 வரை மூன்றிலொரு படியாக நகரும் இவ்வளவையில், வெண்சுவருக்கு +0.7 அல்லது +1, கருங்கல்லுக்கு −0.7 என வைத்துப் பார்க்கலாம். கூட்ட வேண்டுமா குறைக்க வேண்டுமா என்பதில் மாணவர் தடுமாறுவது இயல்பு. வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் குறை என்று ஒருமுறை செய்துகாட்டினால் போதும்.

பட்டியின் ஆழத்தில்

எண்ணிம உருப்பெருக்கம் உண்மையில் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதேயாகும். புதிய விவரம் எதுவும் கிடைப்பதில்லை. அதனை நிறுத்தும் தெரிவு பட்டியின் உட்புறத்தில் இருக்கும். களத்துக்குப் புறப்படுமுன்பே நிறுத்திவிடுவது நன்று.

மொழித்தெரிவும் கருதத்தக்கது. 2013இல் வந்த நிக்கான் டி5300 கருவியின் பட்டி மொழிகளுள் தமிழும் ஒன்று. தமிழ்ப் பட்டி இருந்தும் ஆங்கிலத்திலேயே வைத்திருப்போர் பலர். காரணம் மொழிப்பற்றின்மை எனத் தோன்றவில்லை. ஒளிப்படக்கலையை நாம் கற்றது ஸ்டூடியோக்காரர்களின் பேச்சில். பிளாஷ், போகஸ், ஜூம் என்பனவே அங்குத் தமிழ். எக்ஸ்போஷர் என்பதற்கு ‘வெளிப்பாடு’ என்ற கலைச்சொல் வழங்குகிறது. தமிழாசிரியர் அச்சொல்லைக் கண்டால் உணர்ச்சி வெளிப்பாட்டையே நினைப்பார். ‘ஒளியளவு’ என்பது இதனினும் தெளிவானது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. இங்கு அச்சொல்லே ஆளப்பட்டுள்ளது.

இறுதியாக நாள், நேரம். ஒவ்வொரு படக்கோப்பிலும் எடுத்த நாளும் நேரமும் பதிகின்றன. ஆடி அமாவாசைக் கூட்டத்தைத் தாணிப்பாறையில் பதிவு செய்யும் ஆய்வாளருக்கு அத்தகவல் படத்தின் ஒரு பாதி. பென்சில் மின்கலங்களில் இயங்கும் கருவிகளில் மின்கலத்தைக் கழற்றிப் பலநாள் வைத்திருந்தால் கடிகாரம் தொடக்கநிலைக்குத் திரும்பிவிடும். மறுமுறை இயக்கும்போது நாளைக் கேட்கும் திரையை, அவசரத்தில், படிக்காமலே கடந்துவிடுவோர் பலர். கோப்பு எண்களும் அவ்வாறே: நினைவக அட்டையை மாற்றும்போது எண் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா, தொடர வேண்டுமா என்னும் தெரிவு சில கருவிகளில் உண்டு. ‘தொடர்க’ என்று வைத்து, களக்குறிப்பேட்டில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் தகவலாளிக்கும் எதிரே தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் எழுதிக்கொண்டால், பல மாதங்கள் கழித்து ஆய்வேடு எழுத அமரும்போது எந்தப் படம் எந்தச் சுவருக்குரியது என்று தேட நேராது.