வலிமைப் போட்டியைக் காணும் கண்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் மறுகரையில் அமைந்த ஊர் சம்பூர். அக்குடாவின் கரையோரங்களில் கரைவலை இழுக்கும் வேளையில் மணலிலே நிற்போரை உற்று நோக்கினால், அவர்கள் இரு வகையினர் என்பது விளங்கும். ஒரு சாரார் கடலைப் பார்ப்பர். வலையின் மடி எப்பொழுது கரை சேரும், எவ்வளவு மீன் அகப்பட்டிருக்கும் என்பதே அவர்களுடைய நாட்டம். மற்றொரு சாரார் கயிறு பிடித்தவர்களின் குதிகாலைப் பார்ப்பர். குதிகால் மணலில் எவ்வளவு புதைகிறது, இடுப்பு எவ்வளவு தாழ்கிறது, முன்னிற்பவனுடைய மூச்சும் பின்னிற்பவனுடைய மூச்சும் ஒத்துச் செல்கின்றனவா என்று கவனிப்பர். இவர்கள் முன்பு கயிறு பிடித்தவர்கள், அல்லது நாளை பிடிக்கப் போகின்றவர்கள். ஒரு பக்கம் தளர்வதைக் கண்டதும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிச் சென்று கைகொடுப்பவர்களும் இவர்களே. கறிக்கு நாலு மீன் கிடைக்கும் என்பதும் ஒரு காரணமாகலாம். அது மட்டுமே காரணமன்று.

தூக்குதல், சுமத்தல், இழுத்தல், ஏறுதல், ஓடுதல், நீந்துதல் ஆகிய வாழ்க்கைத் தொழில்களுக்கு வேண்டிய வலிமைகளை ஒன்றாகக் கலந்து அளக்கும் போட்டிகள் இக்காலத்தில் உலகெங்கும் பரவியுள்ளன. அவற்றுள் பெயர் பெற்றது கிராஸ்ஃபிட் விளையாட்டுப் போட்டி. 2007ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள அரோமாஸ் என்னும் சிற்றூரில், ஒரு பண்ணை வெளியில் அது தொடங்கியது. பின்னர்ப் பெரிய அரங்குகளுக்குப் பெயர்ந்தது. இத்தகைய போட்டிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கிரிக்கெட்டைப் பார்க்க வருவோருள் மட்டையைக் கையில் எடுத்தறியாதவர் எத்தனையோ பேர். இங்கோ பார்ப்போருள் பெரும்பாலோர் அதே எடையைத் தூக்கிப் பார்த்தவர்கள், அதே கயிற்றில் ஏறி உள்ளங்கை உரிந்தவர்கள். பார்வையாளர் என்ற சொல்லே அவர்களுக்கு முழுவதும் பொருந்தாது.

தமிழருக்கு இது புதுமையுமன்று. பாண்டி நாட்டுப் பக்கத்து ஊர்களில் இளவட்டக்கல் தூக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மணமகனாக விரும்பும் இளைஞன் அதைத் தூக்கிக் காட்டவேண்டும் என்று இருந்ததால், அதனைக் கல்யாணக்கல் என்றும் அழைப்பர். திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் இன்றும் பொங்கலையொட்டி இப்போட்டி நடைபெறுகிறது. 45 கிலோ முதல் 129 கிலோ வரை பல எடையுள்ள கற்கள் அங்கே உள்ளன. கல் உருண்டையானது, வழுவழுப்பானது, பிடிப்பதற்குக் காதோ வளையமோ இல்லாதது. இரும்புக் கோலில் தட்டுக் கோத்துத் தூக்கும் எடையோடு இதனை ஒப்பிடுவது தவறு. கோல் கைக்குள் அடங்கும், கல் அடங்காது.

கல் தூக்குபவர் முதலிற் குந்தி, விரல்களைக் கல்லின் அடியிற் செலுத்தி, அதனைத் தொடையின்மீது உருட்டி ஏற்றுகிறார். அங்கே ஒரு கணம் நிறுத்தி, மூச்சை மாற்றிக்கொள்கிறார். பின்னர்க் கல்லை வயிற்றோடு அணைத்தவாறே எழுந்து, நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்குக் கொண்டுபோய், முதுகுக்குப் பின்னே எறிகிறார். கூட்டத்தின் ஆரவாரம் எழுவது கல் தோளில் ஏறும்போது. கல் தூக்கியறிந்தவர் அந்நேரத்தில் ஆரவாரிக்கமாட்டார். அவருக்கு முடிவு முன்னமே தெரிந்துவிட்டது. கல் தொடையிலே எங்கே அமர்ந்தது என்பதை அவர் பார்த்துவிட்டார். முழங்காலுக்கு அருகே அமர்ந்தால் பாரம் முதுகெலும்பிலிருந்து விலகி நிற்கும். துலாக்கோலின் நீண்ட கையிலே தொங்கும் எடையைப் போல அது இடுப்பை முன்னே வளைக்கும். வயிற்றை ஒட்டி அமர்ந்தால் அதே பாரம் பாதியாகக் குறைந்தது போல் தோன்றும். கல் ஒன்றே, ஆள் ஒருவரே. ஒரு சாண் தூரம் வெற்றியையும் தோல்வியையும் பிரித்துவிடுகிறது.

செய்தறிந்தவர் கண்ணுக்கும் பார்த்தறிந்தவர் கண்ணுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை ஆராய்ச்சியாளரும் சோதித்திருக்கின்றனர். 2008ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர்கள் கூடைப்பந்துக் காட்சிகளைப் படமாகக் காட்டி, அவற்றை இடையிலே நிறுத்தி, பந்து கூடைக்குள் விழுமா என்று கேட்டனர். பதில் சொன்னோர் மூன்று திறத்தினர்: தேர்ந்த ஆட்டக்காரர், பல்லாண்டு ஆட்டத்தைப் பார்த்தே வாழும் பயிற்றுநரும் விளையாட்டுச் செய்தியாளரும், ஆட்டமறியாதவர். பந்து கையைவிட்டு நீங்குமுன்னரே சரியாகச் சொல்வதில் ஆட்டக்காரரே மற்ற இரு திறத்தாரையும் விஞ்சி நின்றனர். அவர்கள் பந்தை நோக்கவில்லை. எறிபவருடைய உடலின் அசைவை நோக்கினர். 2005இல் இலண்டனில் நடனக் கலைஞரிடையே நடந்த மற்றோர் ஆராய்ச்சியும் இதற்கு இயைவது. தாம் ஆடிப் பழகிய நடனத்தைப் பார்க்கும்போது, அசைவுக்குரிய மூளைப் பகுதிகள் பிற நடனத்தைப் பார்க்கும்போதினும் மிகுதியாகத் தொழிற்பட்டன. பழகிய உடல், அமர்ந்து பார்க்கும்போதும் ஓரளவு ஆடிக்கொண்டே இருக்கிறது போலும்.

ஆகவே, இப்போட்டிகளைப் புதிதாகக் காணப் போகின்றவர் எதைப் பார்க்கவேண்டும் என்ற கேள்வி எழுகிறது. பாரத்தைப் பார்க்க வேண்டா. அதன் எண் பலகையில் எழுதப்பட்டிருக்கும். மூச்சைப் பார்க்கவேண்டும். பெரும்பாரம் தூக்குபவர் மூச்சை உள்ளிழுத்து அடக்கிக்கொள்வதால் வயிற்றறையில் அழுத்தம் மிகுந்து முதுகெலும்புக்கு உட்புறத் தாங்கலாகிறது. அதனோடு இரத்த அழுத்தமும் ஏறும். முகம் சிவப்பதற்குக் காரணம் அதுவே. ஒருமுறை தூக்கி விடுவதாயின் இதனால் இடரில்லை. பலமுறை இடைவிடாது தூக்கும் போட்டியில், மூச்சை எப்பொழுது அடக்குவது, எப்பொழுது விடுவது என்பதைத் திட்டமிட்டவர் நிலைப்பார். முதல் நிமிடத்திலே முன்னே நிற்பவரைவிட, நான்காம் நிமிடத்திலும் ஒரே சீராக மூச்சு விடுபவரைக் குறித்துக்கொள்வது நன்று.

கயிறிழுத்தலைப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றிருந்த இவ்விளையாட்டு, கிழக்கு மாகாண ஊர்களில் பொங்கலிலும் சித்திரைப் புத்தாண்டிலும் இன்றும் நடைபெறுகிறது. வெட்டி இழுக்கும் பக்கம் பார்வைக்கு வலிதாகத் தோன்றும். தேர்ந்த அணியோ காலை ஊன்றி, உடலைச் சாய்த்து, கயிற்றைத் தாங்கிக்கொண்டு சும்மா நிற்கும். எதிரணியின் கைகள் களைத்தபின், ஒரே குரலுக்கு எண்மரும் ஓரடி வாங்குவர். சும்மா நிற்பது போலத் தோன்றும் அந்நேரமே போட்டியின் உயிர்நாடி. அதைப் பார்த்து, ‘இழுக்கிறார்கள் இல்லையே’ என்று கூவுபவர் கயிறு பிடித்தறியாதவர் என்று துணிந்து சொல்லலாம்.

மட்டக்களப்புப் பகுதியில் கண்ணகி வழிபாட்டோடு நடைபெற்று வந்த கொம்புமுறி விளையாட்டு இன்னும் ஒருபடி மேலே சென்றது. வடசேரி, தென்சேரி என ஊரே இரு கூறாகப் பிரியும். வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடங்கட்டி இழுப்பர். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். வெற்றியைத் தீர்ப்பது தோள்வலி மட்டுமன்று, மரத்தின் வயிரமும் ஆகும். ஆகையால் பார்ப்போர் கண் ஆள்களைவிட்டுக் கொம்பின் வளைவிலேயே நிலைத்திருக்கும். சிங்கள மக்கள் பத்தினித் தெய்வத்தின் பெயரால் நடத்தும் அங்கெலிய என்பதும் இதனோடு உறவுடையது. இங்கே பக்கம் சாராத பார்வையாளர் என ஒருவர் இருப்பதற்கே இடமில்லை.

இவ்வளவும் செய்தறிந்தவர் கண்ணின் சிறப்பு. அக்கண்ணுக்குக் குறையும் உண்டு. வேதனையைப் பொறுத்துப் பழகியவர், பிறருடைய வேதனையையும் பொறுக்கத்தக்கதென்றே எண்ணிவிடுவார். ‘இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று’ என ஊக்கும் குரல் பெரும்பாலும் தோழரிடமிருந்தே எழுகிறது. ஆயின் களைப்பு வேறு, இடர் வேறு. சித்திரை வெயிலிலே ஓடுபவர் தடுமாறி, கேட்ட கேள்விக்கு மாறாகப் பதில் சொல்வாராயின், அது சோர்வன்று, வெப்பத்தாக்கமாக இருக்கலாம். அவரை நிழலிற் கிடத்திக் குளிர்ந்த நீரால் உடலை நனைத்துக் குளிர்விப்பதே முதற் கடமை, வண்டிக்கு ஆளனுப்புவது அதனோடு கூட நடக்கவேண்டும். பழகாத கடும்பயிற்சிக்குப் பின் தசை வீங்கி, சிறுநீர் தேயிலைச் சாயம்போற் கறுத்துப் போவதும் உண்டு. சிதைந்த தசையின் கூறுகள் சிறுநீரகத்தைத் தாக்குவதன் அடையாளம் அது. நாளைக்குச் சரியாகிவிடும் என்று வீட்டில் இருக்கத்தக்க நோயன்று.

எல்லாவற்றினும் மோசமானது நீரில் நிகழ்வது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள், டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த் நகரில் கிராஸ்ஃபிட் போட்டியின் முதல் நிகழ்ச்சி நடந்தது. மூன்றரை மைல் ஓட்டம். அதனைத் தொடர்ந்து ஏரியில் 800 மீற்றர் நீச்சல். சேர்பியாவைச் சேர்ந்த லாசார் டியூக்கிச் என்னும் 28 வயது வீரர், கரையை அணுகும் நிலையில் நீரில் மூழ்கி இறந்தார். அவர் நீச்சல் அறியாதவர் அல்லர், நீர்ப்பந்தாட்டம் ஆடியவர். அவருடைய சகோதரரும் அதே போட்டிக்கு வந்திருந்தார். கரையிலே நின்றோர் பலர் அத்துறையில் தேர்ந்தவர்கள். போட்டியின் பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பற்றிக் கடுமையான கேள்விகள் பின்னர் எழுந்தன. எஞ்சிய நாட்களின் போட்டிகள் நடைபெற்றபோது, வீரர் சிலர் விலகிக்கொண்டனர்.

மூழ்குபவர் கூவுவார், கையை உயர்த்தி வீசுவார் என்பது பலருடைய நம்பிக்கை. உண்மையில் அவர் கூவுவதில்லை. மூச்சு விடுவதற்கே வாய் போதாத நிலையில் குரலுக்கு இடமேது? உடல் நீரில் நிமிர்ந்து நிற்கும், வாய் நீர்மட்டத்தில் அமிழ்ந்தும் எழுந்தும் இருக்கும், கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்தும், கால்கள் உதையா. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அவர் இளைப்பாறுவது போலத் தோன்றும். இந்நிலை ஒரு நிமிடத்துக்கு மேல் நீடிப்பது அரிது. நீச்சற்காரர் முன்னேறுகிறாரா, நின்ற இடத்திலேயே நிற்கிறாரா என்பதே கரையிலிருப்பவர் கவனிக்கவேண்டிய அடையாளம்.

கடற்கரை ஊர்களில் இவ்வறிவு ஏட்டிலிருந்து வருவதன்று. மூத்தோர் அருகே மணலில் நின்று பெறப்படுவது. சம்பூரின் வரலாற்றில் இதற்கு ஒரு பெரும் இடையூறு நேர்ந்தது. 2006ஆம் ஆண்டுப் போரில் ஊர் மக்கள் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முதலிய இடங்களில் தற்காலிகக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் விடுவிக்கப்பட்டபின்னரே திரும்பினர். ஐந்து வயதிற் புறப்பட்ட பிள்ளை பதினைந்து வயதில் தன் ஊர்க் கரைக்கு வந்திருக்கும். தந்தையின் பக்கத்திலே நின்று கடலைப் பார்க்கவேண்டிய பருவம் அப்பிள்ளைக்குக் கூடாரத்திலே கழிந்தது. இப்பிள்ளைகள் இன்று போட்டியிடும் வயதினர். சிலர் போட்டி நடத்தும் வயதினர்.

நீச்சற் போட்டியோ வள்ள ஓட்டமோ நடத்தும் கழகங்கள் பரிசுக் கிண்ணங்களுக்கு முன்னர்ச் செய்யத்தக்கவை சில. கடலறிந்த முதியவர் இருவரைப் பந்தலிலே மாலையிட்டு அமர்த்துவதினும், நீர் விளிம்பில் நிறுத்துவது பயனுடையது. ஆரவாரக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, கடலை மட்டும் பார்ப்பதே அவர்கள் வேலை. ஒவ்வொரு சில நீச்சற்காரருக்கும் ஒரு தெப்பம் பக்கத்தே செல்லவேண்டும். நீரில் இறங்கிய தலைகளை எண்ணியவரே கரையேறிய தலைகளையும் எண்ணுவார். அவர் எண்ணி முடிக்கும்வரை முதல்வந்தவர் பெயர் ஒலிபெருக்கியில் சொல்லப்படுவதில்லை. அதுவரை காவல் வள்ளத்தை மணலில் ஏற்றாமல், அதன் அணியம் கடலைப் பார்த்திருக்குமாறு, ஓட்டியோடு நிறுத்தி வைத்திருப்பர்.