மைனருக்கு முகப்பரு!

"எங்கள் வீட்டு மைனருக்கு முகத்தில் பரு வந்துவிட்டது" என்று நான் கவலையோடு சொன்னபோது, அடுத்த வீட்டு மாமி, "வயசுப் பிள்ளைன்னா அப்படித்தான் இருக்கும். பயத்தமாவு போட்டு அலம்பச் சொல்லுங்கோ" என்றாள். மைனர் என்பது எங்கள் பூனை என்று மாமிக்குத் தெரியாது. அவர்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்து நாலே நாள்தான் ஆகியிருந்தது.

பூனைக்குப் பரு வருமா என்று கேட்பீர்கள். வரும். நானும் முதலில் நம்பவில்லைதான். நம்பாமல் நான் செய்த அசட்டுக் காரியத்தால் அந்த வாயில்லாப் பிராணி பட்ட பாடு இருக்கிறதே, அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மைனர் வெள்ளை வெளேரென்று இருப்பான். கறுப்புப் பூனையாக இருந்திருந்தால் எனக்கு இன்னும் பல நாள் தெரிந்திராது. ஒரு நாள் மத்தியானம் என் மடியில் மல்லாந்து கொண்டு, மோவாயைச் சொறிந்து விடும்படி கழுத்தை நீட்டினான். அங்கே காப்பிப் பொடி சிந்தினாற்போல் கறுப்புக் கறுப்பாக ஏதோ தெரிந்தது. அடுப்பங்கரையில் எங்கோ முகத்தை நுழைத்திருக்கிறான் என்று ஈரத் துணியால் துடைத்தேன். போகவில்லை. "தெள்ளுப்பூச்சியாயிருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார் என் வீட்டுக்காரர், கையிலிருந்த பத்திரிகையை இறக்காமலே.

தெள்ளுப்பூச்சியா என்று பார்க்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. பின்னால்தான் கற்றுக்கொண்டேன். அந்தக் கறுப்புப் பொடியில் கொஞ்சம் எடுத்து, நனைத்த வெள்ளைப் பஞ்சின் மேல் வைக்க வேண்டும். தெள்ளுப்பூச்சியின் எச்சமாக இருந்தால் அது பூனையின் ரத்தத்தைக் குடித்துக் கழித்தது அல்லவா, பஞ்சில் செம்பழுப்பாகக் கரையும். பருவின் கறுப்பு அப்படிக் கரையாது.

எனக்கு அப்போது இந்த ஞானமெல்லாம் ஏது? என் பெண்ணுக்கு மூக்கின் மேல் கரும்புள்ளி வந்தால் நகத்தால் அழுத்தி எடுத்துவிடுகிற கை இது. அதே கையால் மைனரையும் பிடித்துக்கொண்டு, நாலைந்து புள்ளிகளைப் பிதுக்கி எடுத்தேன். ஒவ்வொன்றும் மெழுகு மாதிரி வந்தது. பரம திருப்தி! போதாக்குறைக்கு மேலே கொஞ்சம் தேங்காயெண்ணெயையும் தடவி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் மோவாய் வீங்கிச் சிவந்துவிட்டது. இரண்டு இடத்தில் சீழ் கோத்துக்கொண்டு, தொட்டால் ரத்தம் கசிந்தது. மீன் வாசனை வந்தால் தெருக்கோடியிலிருந்து ஓடி வருகிறவன், தட்டில் போட்ட மீனை முகர்ந்துவிட்டுத் தையல் மெஷினுக்கு அடியில் போய்ச் சுருண்டு கொண்டான். கூப்பிட்டால் வரவில்லை. கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது.

என் மாமியார் வந்து குனிந்து பார்த்தார். "ஏம்மா, இது படைதான். சின்னது ராத்திரியெல்லாம் அதைக் கட்டிண்டு தூங்கறதே, அதுக்கு ஒட்டிண்டா என்ன பண்றது? கோணியிலே போட்டு மார்க்கெட் பக்கம் கொண்டு விட்டுடச் சொல்லு" என்றார். என் நாலு வயதுப் பிள்ளை அதைக் கேட்டுவிட்டு வீடு இரண்டுபடும்படி அழ ஆரம்பித்தான்.

அத்தைமேல் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. பூனைக்கு வரும் படர்தாமரை மனிதர்களுக்கும், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, ஒட்டிக்கொள்ளக் கூடியதே. மோவாயிலும் அது வரும். பார்வைக்குப் பரு மாதிரியே இருக்கவும் கூடும். "டாக்டர் சொல்லட்டும் அத்தை, அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சி, கூடையில் துணி விரித்து மைனரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கால்நடை டாக்டர் என்றால் மாட்டுக்கு மட்டும் என்று நினைத்திருந்த காலம் போயிற்று. சென்னைவாசிகளுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; 1903-ல் தொடங்கிய கல்லூரி. அதன் ஆஸ்பத்திரியில் நாய், பூனைகளுக்கும் வைத்தியம் செய்கிறார்கள். எங்கள் பேட்டையிலேயே ஒரு டாக்டரம்மா இருந்ததால் நான் அங்கே போனேன்.

அவர் முதலில் வாயைத் திறந்து பல்லைத்தான் பார்த்தார். பல்லின் வேரில் சீழ் கட்டினாலும் மோவாய் வீங்குமாம். பிறகு ஒரு பிளேடின் முனையால் தோலை லேசாகச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, பூதக்கண்ணாடி யந்திரத்தின் கீழ் வைத்துப் பார்த்தார். மயிர்க்கால்களில் குடியிருக்கும் நுண்ணிய சிலந்திப்பேன் ஒன்று உண்டு. அது இல்லை என்று தெரிந்துகொள்ள. கிருமிகள் ஏராளமாக இருந்தன. கடைசியாக நாலைந்து ரோமத்தைப் பிடுங்கிக் காளான் பரிசோதனைக்கு அனுப்பினார். "இதன் முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை குழந்தையைப் பக்கத்தில் விடாதீர்கள். ஆனால் எனக்கென்னவோ இது வெறும் பருவாகத்தான் படுகிறது. யார் பிதுக்கியது?" என்றார். நான் கூரையைப் பார்த்தேன்.

அவர் சொன்ன விவரம் இது: பூனையின் மோவாயில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் அதிகம். நாற்காலிக் கால், கதவு மூலை, நம் முழங்கால் எல்லாவற்றிலும் பூனை மோவாயைத் தேய்க்கிறதே, கொஞ்சலுக்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். 'இது என் சொத்து' என்று தன் வாசனையை அங்கே பதித்துவிட்டுப் போகிறது. அந்த எண்ணெயும், உதிர்ந்த தோலும் மயிர்க்காலில் அடைத்துக்கொண்டால் கரும்புள்ளி உண்டாகிறது. உடம்பு முழுவதையும் நாக்கால் நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பூனைக்குத் தன் மோவாய் மட்டும் எட்டுவதில்லை, பாவம்! ஆண், பெண், குட்டி, கிழம் என்ற பேதமில்லாமல் எந்தப் பூனைக்கும் இது வரலாம். ஏன் சில பூனைகளுக்கு மட்டும் வருகிறது என்பதை வைத்திய சாஸ்திரம் இன்னும் அறுதியிட்டுச் சொல்லவில்லை.

கரும்புள்ளியோடு நின்றால் பாதகமில்லை. பூனைக்கு அது இருப்பதே தெரியாது. அடைத்த மயிர்க்கால் உள்ளுக்குள் உடைந்து, கிருமி புகுந்தால்தான் வினை. என் நகம் செய்த உபகாரம் அதுதான்.

வைத்தியம் பிரமாதமில்லை. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, காலையும் மாலையும் ஐந்து நிமிஷம் மோவாயில் ஒத்தடம். பிறகு டாக்டர் அளவு சொல்லித் தண்ணீர் கலக்கச் சொன்ன குளோர்ஹெக்ஸிடின் மருந்தைப் பஞ்சில் தொட்டு ஒற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது. ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். சீழ் பிடித்திருந்ததால் மூன்று வாரத்துக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையும் உண்டு. மாத்திரையை மீனுக்குள் ஒளித்து வைத்தால் மைனர் மீனை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைத் தரையில் துப்பிவிட்டுப் போவான். அந்த மூன்று வாரத்தில் என் கையில் விழுந்த கீறல்களுக்குக் கணக்கில்லை.

செய்யக் கூடாதவைதாம் முக்கியம். நாம் முகத்தில் போடும் பரு களிம்பைப் பூனைக்குப் போடவே கூடாது. சாலிசிலிக் அமிலம் கலந்தவை அதற்கு விஷம். எப்படியும் நக்கித் தின்றுவிடும். டீ ட்ரீ ஆயிலும், கற்பூரத் தைலங்களும் அப்படியே. தண்ணீர் விட்டால் பால்போல் வெளுக்குமே, காயத்துக்குப் போடும் அந்தக் கிருமிநாசினி, அதுவும் பூனைக்கு ஆகாது. வலிக்குமே என்று இரக்கப்பட்டு ஒரு துண்டு பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், உயிரே போய்விடும். என் தேங்காயெண்ணெய் விஷமில்லை. ஆனால் எண்ணெய் அடைத்து வந்த நோய்க்கு எண்ணெயா மருந்து என்று டாக்டரம்மா கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை.

"எதில் சாப்பிடுகிறான்?" என்றும் கேட்டார். துணி சோப்பு வாங்கியபோது இனாமாக வந்த நீலப் பிளாஸ்டிக் கிண்ணம். பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து அழுக்கும் கிருமியும் தங்குமாம். அதுதான் காரணம் என்று நிச்சயமாக யாரும் நிரூபிக்கவில்லை. இருந்தாலும் எவர்சில்வருக்கோ பீங்கானுக்கோ மாற்றிப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? தினம் தேய்த்து அலம்பி வைக்க வேண்டும். பூனைக்குக் கொட்டாங்கச்சியில் பால் ஊற்றும் வழக்கமுள்ளவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

பரிசோதனை முடிவு வரும்வரை பிள்ளை தாழ்வாரக் கதவின் இந்தப் பக்கமும் மைனர் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்த காட்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை. மூன்றாம் வாரம் டாக்டரம்மா போன் செய்தார். காளான் இல்லை, படை இல்லை. பரு மனிதர்களுக்கோ மற்றப் பூனைகளுக்கோ ஒட்டாது. நான் சமையலறையிலிருந்தபடியே உரக்கச் சொன்னேன், அத்தை காதில் விழட்டும் என்று. அவர் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் பரண்மேல் ஏதோ உருட்டும் சத்தம் கேட்டது. தம் பெயர் வெட்டிய பழைய எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே வந்து, "அந்த நீலத்தைத் தூக்கிக் குப்பையிலே எறி" என்றார்.

மார்கழியில் மறுபடியும் நாலு கரும்புள்ளி தலைகாட்டின. சில பூனைகளுக்கு ஆயுசு முழுவதும் இப்படி வந்து வந்து போகுமாம். இரண்டு நாள் ஒத்தடம் கொடுத்தேன். நகத்தை மட்டும் கிட்டக் கொண்டுபோகவில்லை.