வரம்பு மீறும் காவல்

நோய் எதிர்ப்பு சக்தி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்கிற எண்ணம், கரோனா காலத்துக்குப் பிறகு நம்மிடையே ஆழமாக வேரூன்றிவிட்டது. அதைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் பொடிகளும் பானங்களும் ஏராளம். ஆனால், முடக்குவாதம், சொரியாசிஸ், முதல் வகை சர்க்கரை நோய், லூபஸ் போன்றவற்றால் அவதிப்படுவோரிடம் அந்தச் சக்தி குறைந்துவிடவில்லை; தடம் மாறிவிட்டது. காக்க வேண்டிய படையே உடலைத் தாக்குவதால், இவை 'தன்னுடல் தாக்குநோய்கள்' எனப்படுகின்றன.

இந்தப் படையில் முக்கியமானவை 'டி' அணுக்கள் எனப்படும் வெள்ளையணுக்கள். ஒவ்வொரு டி அணுவும் ஒரு குறிப்பிட்ட புரதத் துணுக்கை அடையாளம் காணும் திறனுடன் உருவாகிறது. சொந்த உடலின் புரதங்களையே எதிரியாகக் கருதும் அணுக்களில் பெரும்பாலானவை, நெஞ்சுக்கூட்டினுள் இருக்கும் தைமஸ் சுரப்பியிலேயே அழிக்கப்படுகின்றன. எனினும் சில தப்பிவிடுகின்றன. நலமாக இருப்பவர்களின் ரத்தத்திலும் அவை உண்டு. அப்படியானால், எல்லோருக்கும் இந்நோய்கள் ஏன் வருவதில்லை?

வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தை நினைத்துப் பார்க்கலாம். வாடிக்கையாளரின் சாவியோடு வங்கியின் சாவியும் சேர்ந்தால்தான் அது திறக்கும். டி அணு, தனக்குரிய புரதத் துணுக்கை அடையாளம் காண்பது முதல் சாவி. அந்தத் துணுக்கை ஏந்திக் காட்டும் அணுவின் மேற்பரப்பிலுள்ள சிடி80, சிடி86 ஆகிய மூலக்கூறுகள், டி அணுவின் சிடி28 மூலக்கூறுடன் இணைவது இரண்டாவது சாவி. இவையே 'இணைத்தூண்டல் மூலக்கூறுகள்'. கிருமித் தொற்று போன்ற ஆபத்து நேரும்போதுதான் சிடி80, சிடி86 பெருமளவில் தோன்றுகின்றன. இரண்டாவது சாவி கிடைக்காத டி அணு செயலற்றுப் போகிறது.

தூண்டுதலுக்கு ஒரு கடிவாளமும் உண்டு. விழித்தெழுந்த டி அணுவில் தோன்றும் சிடிஎல்ஏ-4 என்கிற மூலக்கூறு, சிடி28-ஐவிட இறுக்கமாக சிடி80, சிடி86 மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டு தூண்டுதலை அடக்குகிறது. இந்த மூலக்கூறு இல்லாமல் பிறந்த எலிகள், கட்டுக்கடங்காத டி அணுக்களால் சில வாரங்களிலேயே இறந்ததை 1995-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. இதே கடிவாளத்தைத் தளர்த்திப் புற்றுநோயை எதிர்க்கலாம் என்று நிறுவிய ஜேம்ஸ் ஆலிசன், 2018-இல் ஜப்பானின் டசுகு ஹோஞ்சோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தச் சிகிச்சை பெறுவோரில் சிலருக்குக் குடலிலும் தைராய்டு சுரப்பியிலும் தன்னுடல் தாக்கு அழற்சி ஏற்படுவது, கடிவாளத்தின் அருமையை உணர்த்துகிறது.

கடிவாளத்தை இறுக்கும் மருந்துகளும் வந்துவிட்டன. சிடிஎல்ஏ-4 மூலக்கூறின் ஒரு பகுதியைக் கொண்டு உருவாக்கப்பட்ட 'அபடாசெப்ட்', முடக்குவாதத்துக்காக 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கியூபாவின் மூலக்கூறு நோயெதிர்ப்பியல் மையத்துடன் இணைந்து பெங்களூரின் பயோகான் நிறுவனம் உருவாக்கிய 'ஐடோலிசுமாப்', 2013-இல் சொரியாசிஸுக்காக இந்தியாவில் அனுமதிக்கப்பட்டது. இது சிடி6 என்கிற மற்றோர் இணைத்தூண்டல் மூலக்கூறைக் குறிவைக்கிறது. இதே மருந்துக்கு 2020-இல் கரோனா நோயாளிகளுக்கான அவசரகால அனுமதி தரப்பட்டபோது, 30 பேர் மட்டுமே பங்கேற்ற ஆய்வு போதுமா என்கிற நியாயமான கேள்வி எழுந்தது.

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. 2006 மார்ச்சில் லண்டனில், சிடி28-ஐ நேரடியாகத் தூண்டும் ஒரு சோதனை மருந்து, நலமாக இருந்த ஆறு தன்னார்வலர்களுக்குச் செலுத்தப்பட்டது. சில மணி நேரத்தில் ஆறு பேரும் உறுப்புகள் செயலிழந்து உயிருக்குப் போராடினர். தீவிர சிகிச்சைக்குப் பிறகே பிழைத்தனர். விலங்குச் சோதனைகளில் இந்த ஆபத்து தென்படவில்லை.

இவையெல்லாம் ஆய்வுக்கூடச் செய்திகள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர், மகாராஜபுரம் வட்டாரத்தில் காலையில் விரல்களை மடக்க முடியாமல் தவிக்கும் ஒரு பெண், அதை வேலைப்பளு என்றெண்ணி வலி மாத்திரையோடு காலம் கடத்தினால், மூட்டுகள் மீட்க முடியாதபடி சிதைந்துவிடும். முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களையே இரண்டு, மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. தொடக்க மாதங்களிலேயே கண்டறிந்தால், விலை குறைந்த மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளாலேயே பலருக்கு நோயைக் கட்டுப்படுத்த இயலும். அவை போதாதவர்களுக்கே விலை மிகுந்த உயிரியல் மருந்துகள் தேவைப்படும்.

அந்த மருந்துகளிலும் எச்சரிக்கை வேண்டும். தாக்குதலை அடக்கும் மருந்து, கிருமிகளை எதிர்க்கும் திறனையும் ஓரளவு குறைக்கும். காசநோய் மிகுந்த நம் நாட்டில், உடலில் அது மறைந்திருக்கிறதா என்று சோதித்த பிறகே இவற்றைத் தொடங்க வேண்டும்.

2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இத்தகைய மாவட்ட மருத்துவமனைகளில் மூட்டுவாத நோய்களுக்கான சிறப்பு மருத்துவர்களும் உரிய பரிசோதனைகளும் தடையின்றிக் கிடைப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும். நாமும், விளம்பரங்களை நம்பி எதிர்ப்பு சக்தியைக் கூட்ட முனைவதைவிட, உடலின் எச்சரிக்கைக்கு உரிய நேரத்தில் செவிசாய்க்கப் பழக வேண்டும். நலம் என்பது எதிர்ப்பு சக்தியின் மிகுதியில் இல்லை. அதன் சமநிலையில் இருக்கிறது.