வோல்ட்கேட் சாலைக்கு வசந்தம் வந்தபோது

இங்கிலாந்தின் கிழக்கு யார்க்‌ஷயரில் பிரிட்லிங்டன் என்றொரு கடலோர ஊர் இருக்கிறது. அங்கிருந்து வயல்வெளிகளின் ஊடே செல்லும் பழைய ரோமானியச் சாலைக்கு வோல்ட்கேட் என்று பெயர். தேடிப்போய்ப் பார்க்கும்படியான மலையோ அருவியோ அந்த வழியில் கிடையாது. இருபுறமும் வேலிச்செடிகள், நடுநடுவே மரங்கள், மழை பெய்தால் குழிகளில் தேங்கும் தண்ணீர், அவ்வளவுதான். 2011 ஜனவரியில், தமது 73 வயதில், ஓவியர் டேவிட் ஹாக்னி இந்தச் சாலையை வரையத் தொடங்கினார். மே மாதம் முடியும்வரை விடவில்லை. ஐபேடில் வரைந்த 51 படங்களும், 32 கேன்வாஸ்களைச் சேர்த்து அமைத்த பிரம்மாண்டமான ஆயில் ஓவியம் ஒன்றும் அதில் பிறந்தன. அத்தனைக்கும் சேர்த்து அவர் வைத்த தலைப்பு, வோல்ட்கேட்டில் வசந்தத்தின் வருகை.

வசந்தம் என்றதும் பூத்துக் குலுங்கும் மரம்தான் நம் கண்முன் வரும். ஹாக்னியோ மொட்டை மரங்களிலிருந்து ஆரம்பித்தார். முதல் படங்களில் ஈரச்சாலையும் கறுத்த கிளைகளும்தான் தெரிகின்றன. பார்த்துக்கொண்டே போனால் கிளை நுனிகளில் ஒரு சிவப்பு ஏறுகிறது, வேலியடியில் புல் நிமிர்கிறது, பிறகு திடீரென்று பச்சை வெள்ளமாகப் பெருகிச் சாலையையே மூடப்பார்க்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இதில் சில படங்கள் சாதாரணமானவை என்றே சொல்வேன். வரிசையாகப் பார்க்கும்போதுதான் அவற்றுக்கு உயிர் வருகிறது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் நின்ற மனிதருக்கு மட்டுமே கிடைக்கும் காட்சி அது.

வசந்தத்தில் எல்லாம் புதிதாகப் பிறப்பதுபோலத் தோன்றினாலும், மொட்டுகள் முந்தைய கோடையிலேயே உருவாகிவிடுகின்றன. மரம் அவற்றைத் திறக்கவிடாமல் உறங்கவைக்கிறது. போதுமான காலம் குளிர் நீடித்தால்தான் அந்த உறக்கம் கலையும்; அதற்குப் பின் வரும் வெதுவெதுப்பு மொட்டை விரிக்கும். நடுக்குளிர்காலத்தில் இரண்டு நாள் வெயில் அடித்தது என்று ஏமாந்து துளிர்த்தால் அடுத்த உறைபனியில் கருகிப்போகும் அல்லவா? குளிர் போதாத வருடங்களில் ஆப்பிள், செர்ரி போன்ற மரங்கள் ஒழுங்காகப் பூப்பதே இல்லை. வடதேசத்து வசந்தம் குளிரின் தயவில்தான் வருகிறது.

மனிதருக்கும் அங்கே குளிர்காலம் லேசுப்பட்டதல்ல. யார்க்‌ஷயரில் டிசம்பர் மாதத்துப் பகல் ஏழரை மணி நேரம்தான். ஜூனில் அதுவே 17 மணி நேரமாகிவிடும். இந்த இருட்டுக்காலத்தில் மட்டும் வந்து, வெளிச்சம் கூடக்கூட விலகிப்போகும் மனச்சோர்வை அமெரிக்க மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் அவரது குழுவினரும் 1984-இல் விவரித்து அதற்கு ஒரு பெயரும் கொடுத்தார்கள். மார்கழிக் குளிரை மட்டுமே அறிந்த நமக்கு, மூன்று மாத இருட்டுக்குப் பின் வரும் ஒரு வெயில் காலையின் மதிப்பை ஊகிக்கத்தான் முடியும்.

ஹாக்னியே அதை மறந்திருந்தவர்தான். பிராட்ஃபோர்டில் பிறந்த அவர் 1964-இல் கலிஃபோர்னியாவுக்குப் போனார். அவரது புகழ்பெற்ற நீச்சல்குள ஓவியங்கள் அங்கேதான் வந்தன. லாஸ் ஏஞ்சலஸில் வருடம் முழுக்க வெயில். பருவம் மாறுவதே பெரிதாகத் தெரியாது. 1997-இல் அவரது நெருங்கிய நண்பர் ஜோனதன் சில்வர் புற்றுநோயால் படுத்தார். சால்ட்ஸ் மில் என்ற பழைய ஆலையைக் கலைக்கூடமாக மாற்றியவர் அவர். யார்க்‌ஷயரை வரை என்று ஹாக்னியைத் தூண்டியதும் அவர்தான். பிரிட்லிங்டனில் தாயாரின் வீட்டில் தங்கி, வோல்ட்ஸ் குன்றுகளின் வழியாகக் காரை ஓட்டிக்கொண்டு நண்பரைப் பார்க்கப் போய்வந்தார் ஹாக்னி. வழியில் பயிர் முற்றுவதும் அறுவடையாவதும் கண்ணில் பட்டன. பள்ளி விடுமுறைகளில் தாம் வயல்வேலை செய்த நிலம் அது. அந்த ஆண்டு செப்டம்பரில் சில்வர் இறந்துபோனார். ஆனால் அந்தப் பாதை ஹாக்னியை விடவில்லை. சில ஆண்டுகளில் அவர் பிரிட்லிங்டனுக்கே வந்து தங்கிவிட்டார்.

மே மாதத்தில் ஹாதார்ன் என்னும் முள்வேலிச் செடி பூக்கும். வெள்ளைப் பூ, கிளையே தெரியாதபடி அப்பிக்கொள்ளும். ஒன்றிரண்டு வாரம் நின்றால் அதிகம். பலத்த மழையும் காற்றும் வந்தால் அதுவும் இல்லை. அந்த நாட்களில் ஹாக்னியும் உதவியாளர்களும் விடியும்போதே வேலிப்பக்கம் போய்விடுவார்கள். தாழ்ந்த வெயிலில்தான் பூவின் கனமும் நிழலும் தெளிவாகத் தெரியும். நல்ல மனநிலை வரட்டும், பிறகு வரையலாம் என்று காத்திருந்தால் அந்த வருடத்துப் பூ போய்விடும். உற்சாகம் வந்ததால் அவர் வேலை செய்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. வேலைக்குப் போனதால் உற்சாகம் வந்தது.

2012-இல் லண்டன் ராயல் அகாடமியில் இந்தப் படங்கள் வைக்கப்பட்டபோது ஆறு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வந்து பார்த்தார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் ஹாக்னிக்கு லேசான பக்கவாதம். பேச்சுத்தான் கொஞ்சம் தடுமாறியது, கைக்கு ஒன்றுமில்லை. அவர் பலமுறை வரைந்திருந்த ஒரு மரத்தை யாரோ வெட்டிச் சாய்த்தார்கள். 2013 மார்ச்சில் அவருடைய இளம் உதவியாளர் ஒருவர் எதிர்பாராமல் இறந்துபோனார். வீடே இடிந்துபோயிற்று.

அந்த வசந்தத்தையும் ஹாக்னி வரைந்தார். வண்ணத்தைத் தொடவில்லை, வெறும் கரித்துண்டு. வோல்ட்கேட்டின் ஐந்து இடங்கள், ஒவ்வொன்றும் ஐந்து முறை, ஆக 25 படங்கள். இலைகளின் நெருக்கத்தையும் கண்கூசும் வெயிலையும் கறுப்பிலேயே கொண்டுவந்துவிட்டார். 2011-இன் பளீர் வண்ணங்களைவிட இவையே உயர்ந்தவை என்பது என் உறுதியான எண்ணம். துக்கம் தீர்ந்துபோன மனிதரின் படங்களாக இவை தெரியவில்லை. துக்கம் பக்கத்திலேயே இருக்க, கண் மட்டும் வெளியே பார்க்கிறது. வசந்தம் மனதை ஆற்றிவிடும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்தப் படங்களைப் பார்த்தபின் எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. பார்ப்பதற்கு நமக்கு வெளியே ஏதோ ஒன்றை அது தருகிறது, அதுவே பெரிய உபகாரம்.

அதன் பிறகு அவர் லாஸ் ஏஞ்சலஸுக்குத் திரும்பினார். ஆனால் 2019-இல் பிரான்சின் நார்மண்டியில், பழமரங்கள் சூழ்ந்த ஒரு பழைய வீட்டை வாங்கினார். அங்கே வசந்தத்தை வரைய வேண்டும் என்பதே நோக்கம். 2020 மார்ச்சில் கொரோனாவால் உலகமே கதவைச் சாத்தியபோது 82 வயது ஹாக்னி தோட்டத்தில் இருந்தார். டாஃபடில் மலர்களை வரைந்து, வசந்தத்தை யாராலும் ரத்துசெய்ய முடியாது என்று பொருள்படும் தலைப்போடு வெளியிட்டார். பேரிக்காய் பூத்தது, செர்ரி பூத்தது, ஆப்பிள் பூத்தது. அந்த ஆண்டின் 116 படங்கள் அடுத்த ஆண்டு ராயல் அகாடமியின் சுவர்களுக்கு வந்தன.

அவர் அதோடும் நிறுத்தவில்லை. நார்மண்டியின் பேயோ நகரின் பெயரால் அறியப்படும், இங்கிலாந்தின் மீதான 1066-ஆம் ஆண்டுப் படையெடுப்பைச் சொல்லும் சுமார் 70 மீட்டர் நீளமுள்ள பழைய பூவேலைத் துணி ஒன்று உண்டு. நடந்துகொண்டே பார்க்கவேண்டிய கதை அது. அதை மனதில் வைத்து, தம் தோட்டத்து ஐபேட் படங்களைக் கோத்து, ஒரு முழு வருடத்தை 90 மீட்டர் நீளத்துக்கு ஹாக்னி விரித்தார். அதில் வசந்தத்தைப் பார்க்க வருகிறவரும் குளிர்காலத்தின் வழியாகத்தான் நடந்தாக வேண்டும்.