பிபிசி மைக்ரோ கணினி மீட்டெடுப்பு

பிபிசி மைக்ரோ என்பது இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட வீட்டுக் கணினி ஆகும். இந்திய அரசு 1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் இக்கணினி பயன்படுத்தப்பட்டது. இதன் ‘பி’ வகையில் 6502 நுண்செயலியும் 32 கிலோபைட்டு நினைவகமும் உள்ளன. இத்தகைய பழைய கணினிகளைப் பழுதுநீக்கி இயக்குவது இன்று ஒரு பொழுதுபோக்காகும்.

பல ஆண்டுகள் பரணில் கிடந்த கணினிக்கு உடனே மின் இணைப்பு கொடுக்கக் கூடாது. மின்வழங்கியில் உள்ள காகித மின்தேக்கிகளின் மேலுறை நாளடைவில் விரிசல் கண்டு ஈரத்தை உறிஞ்சும். மின்சாரம் பாய்ந்ததும் அவை சூடேறிப் புகையும். எனவே முதலில் அவற்றை மாற்ற வேண்டும். உயர் மின்னழுத்தம் உள்ள பகுதி என்பதால் அனுபவமுள்ளவரே இதைச் செய்வது நல்லது. மின்தேக்கி போன்ற உதிரிபாகங்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்.

நொச்சிக்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று உலோகத்தை விரைவில் அரிக்கும். ஆகவே சில்லுகளின் கால்களை ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் துடைக்க வேண்டும்.

நெகிழ்வட்டுக்குப் பதிலாக நினைவக அட்டையை இணைப்பது பரவலான மாற்றமாகும். காந்தப்பூச்சு கெடுவதற்குள் பழைய வட்டுகளில் உள்ள நிரல்களை அட்டைக்குப் படியெடுத்துவிட்டால், பள்ளிக் கணினிக் கல்வியின் தொடக்ககாலச் சான்றுகள் அழியாமல் காக்கப்படும்.