இன்னும் ரெண்டு பேரை ஏத்தலாமா? ஹெலிகாப்டர் வகுப்பும் தாமிரபரணி வெள்ளமும்

இன்னைக்கு எபிசோடு ஹெலிகாப்டர் இன்ஜினியரிங் பத்தி. ராணுவப் பயிற்சி நிலையங்கள்ல இதை ஏன் இவ்வளவு மெனக்கெட்டுச் சொல்லித் தர்றாங்க? பதிலுக்கு முதல்ல தாமிரபரணிக் கரைக்குப் போகணும்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கிச்சு. உள்ளே சுமார் 800 பயணிகள். ஹெலிகாப்டர்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் போட்டன, கர்ப்பிணி உட்பட சிலரை மட்டும் ஏத்திட்டுப் போயின. பெரும்பாலானவங்க தண்ணி வடியத் தொடங்கினப்புறம், வாஞ்சி மணியாச்சி போய் சிறப்பு ரயில் பிடிச்சாங்க. "அதான் ஹெலிகாப்டர் வந்துச்சே, எல்லாரையும் ஏத்தியிருக்கலாமே?"ன்னு உங்களுக்கும் தோணியிருக்கும்.

அந்தரத்தில் நிக்கறதுக்கான விலை

ஹெலிகாப்டர் ஒரே இடத்தில் நிக்கணும்னா, தன் எடையைத் தாங்கும் அளவுக்குக் காற்றைக் கீழே தள்ளிக்கிட்டே இருக்கணும். இந்தக் கணக்கின் அடிப்படையை 1865லேயே ராங்கின் என்பவர் கப்பல் புரொப்பெல்லருக்காகப் போட்டுட்டார். ஹெலிகாப்டர் வகுப்பில் முதல் பாடமே இதுதான்.

நாமளும் போட்டுப் பார்ப்போம். எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டரின் அதிகபட்ச எடை 13 டன், மேலே சுத்துற ரோட்டரின் விட்டம் சுமார் 21 மீட்டர். முழு எடையோட நின்னா, கீழே அடிக்கிற காற்று மணிக்கு சுமார் 88 கிலோமீட்டர். நம்ம ஊர்த் தயாரிப்பான துருவ் 5.5 டன்தான், ஆனா ரோட்டர் விட்டமும் 13.2 மீட்டர்தான். அதோட காற்று சுமார் 92 வருது!

எடை பாதிகூட இல்ல, காற்று மட்டும் எப்படி அதிகம்? ரோட்டர் வட்டத்தின் ஒரு சதுர மீட்டர் எவ்வளவு எடையைத் தாங்குதுன்னு பார்க்கணும். எம்ஐ-17க்கு 36.5 கிலோ, துருவுக்கு 40 கிலோ. ஓட்டு வீடு, தகரக் கூரை மேல இந்தக் காற்று அடிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

அடுத்தது இன்னும் முக்கியம். எடை 10 சதவீதம் கூடினா, அந்தரத்தில் நிக்கத் தேவைப்படும் சக்தி சுமார் 15 சதவீதம் கூடும். தரையை ஒட்டி நிக்கும்போது தரையே கொஞ்சம் உதவும், கீழே போற காற்றைத் தடுத்து ரோட்டரின் வேலையைக் குறைக்கும். நெல்லைப் பக்கம் தட்டட்டின்னு சொல்ற மொட்டை மாடி மேல நின்னா? ரோட்டரின் பெரும்பகுதி மாடிக்கு வெளியே இருக்கும், அந்த உதவி முழுசாக் கிடைக்காது. வின்ச் கயிறு இறக்க இன்னும் உயரத்தில் நின்னா சுத்தமாக் கிடைக்காது.

இதை யார் படிக்கிறாங்க?

அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியில் கடற்படை, கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் பைலட்டுகள் தயாராகறாங்க. பெங்களூரு விமானப்படை டெஸ்ட் பைலட் பள்ளியில் டெஸ்ட் பைலட்டும் ஃப்ளைட் டெஸ்ட் இன்ஜினியரும் சேர்ந்தே படிக்கிறாங்க. அமெரிக்காவில் மான்டரேயில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில், பணியில் இருக்கும் அதிகாரிகளே ஹெலிகாப்டர் வடிவமைப்பில் ஆய்வு செஞ்சிருக்காங்க.

மத்த கல்லூரிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? இங்கே படிக்கிறவர்தான் நாளைக்கு அதை ஓட்டணும், இல்லேன்னா பறக்கலாம்னு கையெழுத்துப் போடணும். ஆராய்ச்சி கடைசியா ஒரு வரைபடமா முடியும்: இந்த வெப்பநிலையில், இந்த உயரத்தில், இவ்வளவு எடையோட நிக்கலாம். வெள்ளத்துக்கு மேலே பைலட் நம்பறது அந்தக் கோட்டைத்தான். வெயில் ஏறி காற்று லேசாச்சுன்னா அந்த எடை குறையும். "இன்னும் ரெண்டு பேர்"ங்கிற கேள்விக்குப் பதில் அவர் மனசில் இல்ல, அந்தக் கோட்டில் இருக்கு. அதைத் தாண்டினா, ஏற்கெனவே ஏறினவங்க உயிருக்கும் ஆபத்து.

உங்க மாடிக்கு மேல வந்தா

துணி, தகரம், பிளாஸ்டிக் டேங்க் மூடி எல்லாத்தையும் முன்கூட்டியே அப்புறப்படுத்துங்க. குழந்தைகளைப் பிடிச்சுக்கிட்டு உட்காருங்க. மேலேருந்து இறங்குற கொக்கியைத் தாவிப் பிடிக்காதீங்க. பறக்கும்போது சேர்ந்த மின்சாரம் ஷாக் அடிக்கும். அது முதல்ல தரையையோ தண்ணியையோ தொடட்டும். வர்ற வீரர் "போதும்"னு கை காட்டினா, அவர் கணக்கு போட்டுட்டார்னு அர்த்தம். அடுத்த நடைக்குக் காத்திருங்க.